பின்னாலிருந்து தள்ளுகிறதா? சிறு கேரவனுக்குத் தனி பிரேக் தேவையா என்று அறிகுறி வழியே கண்டுபிடிக்க

"அண்ணே, சின்னதுதானே! இதுக்கெல்லாமா தனியா பிரேக்கு?"

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். முன்பெல்லாம் படகு ஏற்றும் ட்ரெய்லர்தான் எங்கள் பிழைப்பு. இப்போது காரில் மாட்டி இழுத்துப் போகும், இரண்டு பேர் படுக்கும் அளவிலான சிறு கேரவன்களும் வருகின்றன. சிலர் தாங்களே கட்டுகிறார்கள், சிலர் வெளிநாட்டுப் பழையதை வாங்கி வருகிறார்கள். கேள்வியில் தப்பு இல்லை. 'சின்னது' என்ற சொல்லில்தான் தப்பு. கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவது பிரேக் மிதிக்கும்போது சின்னதாக இருப்பதில்லை.

ஊர்த் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றாலும் தேர் நிற்காது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆள் போட்டால்தான் நிற்கும். கார் வடம் பிடிக்கிற கூட்டம். "என் கார் நல்லா இழுக்குது" என்று சொல்பவரிடம் நான் கேட்பதெல்லாம், கட்டை போடுகிற ஆள் யார் என்பதுதான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் படித்துப் பயனில்லை.

முதலில் எடை போடுங்கள்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். கேரவனின் தகட்டில் 480 கிலோ. "அரை டன்கூட இல்ல தம்பி" என்றார். "சார், பயணத்துக்குப் போற மாதிரியே எல்லாத்தையும் ஏத்திட்டு வாங்க" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த பழைய இரும்புக் கடையின் லோரி எடை மேடைக்கு அழைத்துப் போனேன். சீட்டில் 730 வந்தது.

இந்த 250 கிலோ எங்கிருந்து வந்தது என்று அவருக்கே வியப்பு. தகட்டில் இருந்தது வெறும் வண்டியின் எடை. அதன்மேல் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது 60 கிலோ. 14 கிலோ கேஸ் உருளை, இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ இருமடங்கு. பேட்டரி, ஏர்கான், பக்கவாட்டில் விரிக்கும் கூடாரத்துணி, நிறைந்த ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் மேலே, சம்பல் இடிக்க அவர் வீட்டம்மா எடுத்து வைத்திருந்த ஒரு கல் உரல். உரலைக் குறை சொல்ல நான் துணியவில்லை.

எடை போடும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, முன் சக்கரக் கால் உட்பட முழுதாக மேடையில் நிறுத்துங்கள். அப்புறம் காரைத் தனியாக எடை போடுங்கள். லோரி மேடைகள் பத்து, இருபது கிலோ படியில்தான் காட்டும். அதனால் எல்லையை ஒட்டி ஓர் எண் வந்தால், தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கடை இல்லாத இடத்தில் செம்பனை ஆலை இருக்கும். கேட்டால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள்.

சீட்டு கையில் வந்ததும் மூன்று எண்களோடு ஒப்பிடுங்கள்.

முதலாவது, உங்கள் கார் கையேடு. இழுவை எடை என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும்: பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று. விளம்பரத்தில் வருவது எப்போதும் முதல் எண்தான். ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் இப்போதைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் நான்கு சக்கர இயக்க வண்டியில் பிரேக் உள்ளதற்கு 3,500 கிலோ, இல்லாததற்கு 750 கிலோ. அதே எஞ்சின், அதே வண்டி! வித்தியாசம் முழுக்க நிறுத்துவதில்தான். சில சிறிய கார்களின் கையேட்டில் எதையும் இழுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். உங்கள் கார் அப்படியென்றால் பேச்சு இங்கேயே முடிந்தது, வேறு கார் பாருங்கள்.

இரண்டாவது எண் 750 கிலோ. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சுமையோடு சேர்த்து இதைத் தாண்டிய ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோ வரை ஓர் அச்சில் பிரேக் போதும். அதற்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அங்கிருந்து வந்த வண்டியின் தகட்டில் 'ஏடிஎம்' என்று எழுதியிருக்கும். பணம் வராது. முழுச் சுமையோடு அந்த ட்ரெய்லர் இருக்கக்கூடிய உச்ச எடை அது.

மூன்றாவது, காரின் எடையில் பாதி. பிரிட்டனில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 அல்லது காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. நம் ஊரில் பலரும் ஓட்டுவது சிறிய கார் என்பதால் இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஆசிரியரின் கார் 1,300 கிலோ. பாதி 650. அவர் 730. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாலும் 670. பிரேக் வேண்டும், முடிந்தது. அறிகுறி பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "மூவாயிரம் பவுண்டு வரைக்கும் வேணாமாமே" என்று வருபவர்களும் உண்டு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோ. ஆனால் கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு, 680 கிலோ. அதோடு அவர்கள் இழுப்பது இரண்டரை டன் பிக்கப்பில். அந்தக் கணக்கைத் தூக்கி வந்து நம் குடும்பக் காரில் மாட்டக் கூடாது.

மூன்று எண்களுக்கும் உள்ளே இருக்கிறீர்களா? சரி, இனி அறிகுறிகள்.

அறிகுறி: பிரேக் மிதித்தால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கிறது

முதலில் தள்ளுகிற விதத்தைக் கவனியுங்கள். மிதித்தவுடன் 'டக்' என்று ஒரே ஓர் இடி, அப்புறம் அமைதி என்றால், அது கொக்கியில் உள்ள ஆட்டம். காரின் பின்னால் இருக்கும் இழுவைக் கம்பியான டோ பாரின் உருண்டை தேய்ந்திருக்கும், அல்லது 50 மில்லிமீட்டர் உருண்டையில் ட்ரெய்லர் முனையின் இரண்டு அங்குலக் கப்பை மாட்டியிருப்பார்கள். இரண்டு அங்குலம் என்பது 50.8. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பூட்டும்கூடப் பூட்டிக்கொள்ளும், ஆனால் தளர்ந்து ஆடும். தலைகீழாக, சின்னக் கப்பில் பெரிய உருண்டை என்றால் சரியாக அமராமலே பூட்டியதுபோல் காட்டி ஏமாற்றும். இரண்டின் மேலும் அளவு பொறித்திருக்கும், பார்த்துச் சரிசெய்யுங்கள். இது பிரேக் பிரச்சினை அல்ல.

மிதித்திருக்கும் நேரம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தால், அதுதான் நாம் தேடுவது.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். "என் காரில் நாலு பக்கமும் டிஸ்க், ஏபிஎஸ் இருக்கு" என்பார்கள். வண்டியை நிறுத்துவது டிஸ்க் அல்ல, டயர் சாலையைப் பிடிக்கும் பிடி. அந்தப் பிடி டயரின் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. காரின் டயர்கள்மேல் இருப்பது காரின் எடையும், கொக்கியில் இறங்கும் சொற்ப எடையும்தான். ட்ரெய்லரின் எடை ட்ரெய்லரின் டயர்கள்மேல் இருக்கிறது. பிரேக் இல்லாவிட்டால் அந்த டயர்கள் சும்மா உருளும், நிறுத்த ஒரு கை கொடுக்காது. ஆக 1,500 கிலோவுக்கான பிடியை வைத்துக்கொண்டு 2,100 கிலோவை நிறுத்துகிறீர்கள். காரில் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் இது மாறாது.

கணக்கும் சுலபம்தான். காரையும் ட்ரெய்லரையும் கூட்டி, காரால் வகுங்கள். 2,100-ஐ 1,500-ஆல் வகுத்தால் 1.4. நிற்கும் தூரம் அத்தனை மடங்கு. மழையில் 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கார் மட்டும் 80 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ட்ரெய்லரோடு 112 மீட்டர். கூடுதல் 32 மீட்டர் என்பது ஏழு கார் நீளம். சாயங்கால மழையில், பிளஸ் நெடுஞ்சாலையில் டோல் வரிசை திடீரென்று முன்னால் நிற்கும்போது அந்த ஏழு காரும் யாருடையதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத, சமமான, பெரிய திடல் வேண்டும். இடத்தின் உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். கார் மட்டும் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஓர் அடையாளக் கூம்பைத் தொடும்போது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) துடிக்கும் அளவுக்கு அழுத்தி மிதியுங்கள். நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு. மூன்று முறை. அப்புறம் பயணச் சுமையோடு ட்ரெய்லரை மாட்டி, அதே வேகம், அதே கூம்பு.

கார் 10 மீட்டரில் நின்று, ட்ரெய்லரோடு 14 மீட்டர் வந்தால் நம் கணக்கு சரி. 14-க்குப் பதிலாக 17, 18 என்று போனால் இரண்டாம் சுற்றில் வேகம் கூடியிருக்கும் அல்லது முழுசாக மிதித்திருக்கமாட்டீர்கள், ட்ரெய்லரைக் குறை சொல்லும் முன் திரும்பச் செய்து பாருங்கள். 11-லேயே நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் முதல் சுற்றில் முழுசாக மிதிக்கவில்லை. எங்கள் பட்டறையில் சோதிக்கும் பாதிப் பேர் இப்படித்தான். கார் குலுங்கினால் பாவம் என்று நினைக்கிறார்கள்.

அந்த மடங்கு 1.3-ஐத் தாண்டினால் நான் பிரேக் போடச் சொல்வேன். சட்டம் சொல்லும் எண் அல்ல அது, என் எண். நம் மழையையும் நம் மக்கள் முன்னால் வந்து நுழையும் விதத்தையும் பார்த்து வைத்துக்கொண்டது.

அறிகுறி: மலை இறங்கும்போது கருகல் வாடை, பிரேக் மிதி மாறுகிறது

எடை, வேகம், எல்லாம் சரியாக இருந்து இந்த ஒன்று மட்டும் வந்தாலும் பிரேக் தேவை.

பினாங்கிலிருந்து கேரவன் எடுப்பவர்கள் முதல் வருடமே கேமரன் மலைக்குப் போவார்கள். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கிலிருந்து அடிவாரத்துச் சிம்பாங் பூலாய் வந்து சேர ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்க வேண்டும். 600 கிலோ ட்ரெய்லர் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அதே ட்ரெய்லரை 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 44 முறை நிறுத்துவதற்குச் சமம். அந்தச் சூட்டை ஒரே பாத்திரத்தில் பிடிக்க முடிந்தால் 27 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் எஞ்சின் பிடிக்கும். மிச்சமெல்லாம் காரின் பிரேக்கில்தான், அதுவும் காரின் சொந்த எடை தரும் சூட்டுக்கு மேலே.

மிதி எப்படி மாறுகிறது என்பதில் இரண்டு வகை உண்டு. மிதி கல் மாதிரி இறுக்கமாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை: பிரேக் பேட் சூடேறி வழுக்குகிறது. மிதி பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போகிறது: பிரேக் எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழி வந்துவிட்டது. இரண்டாவது பொல்லாதது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155 டிகிரிதான். கடற்கரை ஊரில், வருடம் முழுக்கப் புழுக்கத்தில் நிற்கும் காரில், கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள்?

வழியில் இது வந்தால்: கியரைக் குறையுங்கள், ஆட்டோ கியர் காரில் எல் அல்லது 2. வேகம் விழுந்ததும் ஒதுங்குங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வெடிப்பு விடும். அரை மணி நேரம் டீ குடியுங்கள். அதன்பிறகு மிதி இறுக்கமாக இல்லையென்றால் அங்கிருந்து இழுவண்டியில்தான் இறங்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான தாப்பா வழி சிம்பாங் பூலாயைவிடக் குறுகல், வளைவும் அதிகம். பிரேக் இல்லாத ட்ரெய்லரோடு அந்தப் பக்கம் நான் போகமாட்டேன். "நாங்க தீவை விட்டே போறதில்ல" என்பவர்களுக்கு, பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் துன் சார்டோன் சாலை இருக்கிறது. உயரம் குறைவு, ஆனால் வளைவுக்கு வளைவு மிதிக்க வைக்கும். எண்ணெய் புதிதாக மாற்றியும் அங்கே வாடை வருகிறதென்றால், பதில் தெரிந்துவிட்டது.

அறிகுறி: ஈர வளைவில் மிதித்தால் காரின் பின்பக்கம் வெளியே நழுவுகிறது

இதில் சோதனை எதுவும் வேண்டாம். கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. வளைவில் ட்ரெய்லர் நேராகத் தள்ளும்போது காரின் வாலை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் கத்தி மடங்குவது போல இரண்டும் மடங்கும். ஒருமுறை லேசாக வந்திருந்தாலும், பிரேக் போடும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அறிகுறி: வால் ஆடுகிறது

இதற்காகப் பிரேக் போடச் சொல்லி வருபவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆட்டத்துக்கு முதல் காரணம் சுமை ஏற்றிய விதம். பின்பக்கம் கனமாக இருந்தால் ஆடும்.

கொக்கியில் இறங்கும் எடையைப் பாருங்கள். குளியலறைத் தராசை ஒரு பலகைமேல் வைத்து, ட்ரெய்லரைச் சமமாக நிறுத்தி, கொக்கிக் கழுத்தின் கீழே ஒரு கட்டை கொடுத்து அதன்மேல் இறக்கினால் போதும். பிரிட்டனில் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. நம் கார்களின் டோ பார் தாங்கும் எடை குறைவு என்பதால் நான் 7-ஐ ஒட்டி வைப்பேன். 600 கிலோவுக்கு 42 கிலோ. தராசில் 15 காட்டினால், பின்னால் இருக்கும் ஐஸ் பெட்டியை அச்சுக்கு நேர் மேலே நகர்த்துங்கள். பத்து நிமிட வேலை, காசு இல்லை. டயர் காற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சுமை சரியாக இருந்தும் பினாங்கு பாலத்தில் பக்கக் காற்றுக்கு ஆடினால் வேகத்தைக் குறையுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். மின்சாரத்தால் பிடிக்கும் எலக்ட்ரிக் பிரேக் உள்ளவர்கள், காருக்குள் இருக்கும் கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்தி ட்ரெய்லரைத் தனியாகப் பிடிக்கலாம். பிடித்தவுடன் பெரும்பாலும் நேராகிவிடும். ட்ரெய்லரின் தள்ளலாலேயே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக்கில் அந்த வசதி இல்லை.

அறிகுறி: கழற்றியதும் தானாக நகர்கிறது

பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குக் கைபிரேக்கும் கிடையாது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. கழற்றும் முன்பே இரண்டு சக்கரத்துக்கும் இருபுறமும் முட்டுக்கட்டை வையுங்கள். முட்டுக்கட்டை போடுவது நல்ல காரியமாக இருக்கும் இடம் உலகத்திலேயே தேருக்கு அடுத்து இதுதான். உங்கள் வீட்டு வாசல் சரிவு என்றால், எடை எதுவானாலும் கைபிரேக் உள்ள அச்சு வாங்குங்கள்.

அறிகுறி: பிரேக் இருக்கிறது, ஆனாலும் தள்ளுகிறது

பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது. முதலில் எந்த வகை என்று பாருங்கள். கொக்கிக்குப் பின்னால் ரப்பர் உறை போட்ட, உள்ளே வெளியே நகரும் தண்டு இருந்தால் ஓவர்ரன். கார் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் தள்ளும், அந்தத் தள்ளலே தண்டை அமுக்கிக் கேபிளை இழுத்து ட்ரம்முக்குள் ஷூவை விரிக்கும். ட்ரெய்லரின் குற்றத்தாலேயே அதைத் தண்டிப்பது, அழகான யோசனை. ரப்பர் உறை இல்லாமல் சக்கரத்துக்கு மின்கம்பி போனால் எலக்ட்ரிக்.

ஓவர்ரனில், ஒரு சக்கரத்தைத் தூக்கி முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே கைபிரேக்கை இழுக்கச் சொல்லுங்கள். பிடித்தால் ஷூ நல்லது, சிக்கல் தண்டில். கிரீஸ் காய்ந்து தண்டு நகராமல் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது ஷூ தேய்ந்திருக்கிறது. எப்போதும் ட்ரம் பக்கத்தில் ஷூவைச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் கேபிளை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அடுத்த மாதம் திரும்பி வருவீர்கள். மிதிக்கும்போது 'டமார்' என்று இடித்து இடித்துப் பிடித்தால் தண்டுக்குள் இருக்கும், இடியைத் தாங்கும் டாம்பர் போய்விட்டது.

எலக்ட்ரிக்கில் பத்துக்கு ஏழு தடவை எர்த் கம்பிதான். கடற்காற்றில் முனை பச்சை பூத்திருக்கும். சுரண்டிப் புதிதாகப் பூட்டுங்கள். அப்படியும் இல்லையென்றால், மீட்டரை எடுத்து, சக்கரத்துக்குள் பிரேக்கை இயக்கும் ஒவ்வொரு மின்காந்தத்தின் மின்தடையை ஓம் கணக்கில் பாருங்கள். சிறு ட்ரெய்லரில் 3 முதல் 4 ஓம் வரும். முடிவில்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. காந்தம் நன்றாக இருந்தால் கண்ட்ரோலர் அளவைக் கூட்டுங்கள்: திடலில் 40 கிலோமீட்டர் வேகத்தில், ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள்.

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பேரிங்குக்குக் கிரீஸ் அடைக்கும்போது தாராளமாக அடைத்துவிட்டேன். சூடேறியதும் சீலைத் தாண்டி ட்ரம்முக்குள் வழிந்து, ஷூ முழுக்க நெய் தடவிய தோசைக்கல் ஆகிவிட்டது. எல்லாம் சரியாகத் தெரியும், பிடிக்கமட்டும் பிடிக்காது. ஊறிய ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தேன், என் காசில்.

பிரேக் போடுவதென்று முடிவானால்

இருக்கும் அச்சில் பிரேக் தட்டைத் திருகுவதற்குத் துளைகள் கொண்ட வளையத்தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால், "வெல்டிங் வெச்சுடலாம் அண்ணே" என்பார்கள். குழாய்க்குள் ரப்பர் வைத்த டார்ஷன் அச்சில் வெல்டிங் சூடு பட்டால் ரப்பர் கெட்டு, சஸ்பென்ஷனே போய்விடும். அந்த வகைக்கு அச்சையே மாற்றுவதுதான் வழி. அதனால்தான் புதிதாகக் கட்டுபவர்களிடம் எடை எதுவானாலும் பிரேக் உள்ள அச்சையே வாங்கச் சொல்கிறேன். கட்டும்போது வாங்கினால் ஒரு செலவு, பிறகு என்றால் இரண்டு. அச்சை மாற்றுவதோ புதிதாகக் கட்டுவதோ, வேலை தொடங்கும் முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்துவிட்டு ஓடுவது வீண் அலைச்சல்.

ஓவர்ரனா எலக்ட்ரிக்கா? காரை அடிக்கடி மாற்றுபவர், மகன் காரிலும் மாப்பிள்ளை காரிலும் மாற்றி மாற்றி இழுப்பவர் என்றால் ஓவர்ரன். காரில் எந்த வயரிங்கும் வேண்டாம். ஒரே கார், அடிக்கடி மலை என்றால் எலக்ட்ரிக், அதிலும் கார் எவ்வளவு வேகம் குறைக்கிறதோ அந்த அளவுக்குப் பிடிக்கும் வகைக் கண்ட்ரோலர். நேரத்தை வைத்துப் படிப்படியாக ஏற்றும் மலிவு வகை, இறக்கத்தில் அளவு தெரியாமல் பிடிக்கும். எதுவானாலும் கழன்றால் பிடிக்கும் கேபிளைக் காரின் சட்டத்தில் உள்ள வளையத்தில் மாட்டுங்கள். டோ பார் உருண்டையின் கழுத்தில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி விடுவது, பாதுகாப்பு இருப்பதாக மனதுக்குச் சொல்லிக்கொள்வது மட்டும்தான்.

முதல் சில நூறு கிலோமீட்டரில் நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி, சக்கரத்தின் நடுமூடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், அந்தப் பக்கம் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் போகிறது. தூக்கிச் சுற்றிப் பாருங்கள், கரகர என்றால் பேரிங்.

அறிகுறி: ரிவர்ஸில் போகமாட்டேன் என்கிறது

ஆசிரியருக்கு ஓவர்ரன் போட்டோம். இரண்டாம் நாளே போன். "தம்பி, முன்னால போறதுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கு. வீட்டு வாசல்ல ஏத்தத்துல பின்னால தள்ளினா மாடு மாதிரி நின்னுக்குது." ரிவர்ஸில் கார் தள்ளும்போதும் தண்டு அமுங்கும், ட்ரெய்லருக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது வரும் அச்சுகளில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் ஷூ தானாக விலகும். அவருடையது பழைய கையிருப்பு. கொக்கிக்கு மேலே ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைச் சாய்த்தால் தண்டு பூட்டிக்கொள்ளும்.

"சார், ரிவர்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடி அதைச் சாய்ச்சு விடுங்க. அப்புறம் முன்னால கிளம்பும்போது தானா விழுந்துடுதான்னு ஒருதடவை இறங்கிப் பாருங்க. விழலைன்னா உங்களுக்கு பிரேக்கே இல்ல."

"இறங்கித்தான் பார்க்கணுமா?"

"அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க சார்."